மல்லாக்க வைத்த கண்ணாடி

கண்ணாடி போட்டவனைக் கைநீட்டி அடிக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நாகரிகம் உண்டு. துரைராசுவும் அந்த நாகரிகத்தை விட்டவன் இல்லை. தம்பியை அடிக்க வந்தால் முதலில் தம்பி மூக்கில் இருக்கும் கண்ணாடியைக் கழற்றுவான். அதை வரப்பில் ஓரமாக, பத்திரமாக வைப்பான். அதற்கப்புறம்தான் அடி. வயதில் பெரியவனாயிற்றே, 'அவர்' என்று எழுதினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கை வரவில்லை.

அந்தத் தம்பியின் பெயர் வைரக்கண்ணு. கோரையாற்றுக் கடைமடையில் கீழக்கொத்தங்குடிக்காரர். குலசாமி பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் பிறந்ததிலிருந்தே கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் அவருக்கு வெறும் புகை. சின்ன வயதில் வாத்தியார் கரும்பலகையைப் படிக்கச் சொல்லி அடித்தார். அப்பா, மாடு வயலில் இறங்கியது தெரியவில்லையா என்று அடித்தார். மாடே ஒருமுறை முட்டித் தூக்கிப் போட்டது. அடி எங்கிருந்து வரும் என்று தெரியாததால் எந்நேரமும் தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கிற பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

பத்து வயதில் ஒரு மிஷன் டாக்டர் புண்ணியத்தில் கண்ணாடி கிடைத்தது. கிடைத்த சில மாதத்திலேயே அண்ணன் துரைராசு ஏதோ கோபத்தில் ஓங்கி அறைந்தான். கண்ணாடி உடைந்து சில்லு இடது கண்ணுக்குள் போனது. அந்தக் கண் அதோடு சரி. அப்பா துரைராசுவைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து நனைந்த கயிற்றால் விளாசினார். அந்த அடியில் அவன் கற்றுக்கொண்டது தம்பியை அடிக்கக்கூடாது என்பதை அல்ல. கண்ணாடியோடு அடிக்கக்கூடாது என்பதைத்தான். பிற்காலத்தில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்: என் தம்பிக்கு இருக்கிற ஒரு கண் என்னால்தான் பத்திரமாக இருக்கிறது என்று.

நான் ஜாஃபர் சாதிக். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, பவர் பார்க்கவும் பழகி, வளைகுடாச் சண்டை வந்த சமயத்தில் ஊர் திரும்பியவன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளி மச்சான் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடியை வீட்டில் ஆறு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, தலைவலி என்று வந்து நிற்பார்கள். மச்சான் செருப்பையும் ஆறு பேரும் போடுவீர்களா என்று கேட்பேன். கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் மேசையில் படும்படி கவிழ்த்து வைத்தால் யாராக இருந்தாலும் கத்துவேன். மடித்து, மல்லாக்க வை என்பேன். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய மனிதர் சின்ன மனிதர் கிடையாது.

வைரக்கண்ணு அண்ணனை அவருடைய மகன் அரவிந்தன்தான் முதலில் கடைக்கு அழைத்து வந்தான். ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன், மரியாதையாகப் பேசுவான். வந்ததும் அப்பாவின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடி மேசை மேல் கவிழ்த்து வைத்தான். நான் கத்திய கத்தலில் வெளியே சைக்கிளில் போனவர் நின்று பார்த்தார். அரவிந்தன் முகம் சிவந்து, மடித்து, மல்லாக்க வைத்தான்.

எடுத்துப் பார்த்தேன். மைனஸ் பதினெட்டு. ஓரத்தில் விரல் தடிமன், நடுவில் காகிதம். அதைப் போட்டுக்கொண்டால் வெளியே இருப்பவர்களுக்கு அவர் கண் கடுகு மாதிரி சிறுத்துத் தெரியும். அதைக் கழற்றிவிட்டால் ஆள் எது, அரசமரம் எது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மூக்கு நுனியில் கொண்டுவந்து வைத்தால் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது. நெற்பயிரின் இலையை மூக்கில் உரசுகிற மாதிரி பிடித்து, குருத்துப்பூச்சி முட்டை வைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். என் கடையில் இருக்கிற பூதக்கண்ணாடி எல்லாம் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். அவ்வளவு கிட்டப்பார்வை உள்ள கண்ணே ஒரு பூதக்கண்ணாடிதான். ஊரில் பலர் மருந்தடிக்கும் முன்னால் அவரைத்தான் கூப்பிட்டு இலையைக் காட்டுவார்கள்.

அந்த வருஷங்களில்தான் எங்கள் கடற்கரைப் பக்கம் இறால் பண்ணைகள் வந்தன. இந்தியா கதவைத் திறந்துவிட்டது, இனிமேல் எல்லாம் வெளிநாடு போகும் என்றார்கள். எங்கள் நெல் எங்கும் போகவில்லை. இறால் போனது, பையன்கள் போனார்கள். துரைராசு சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், பண்ணைக் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் ஆனான். சுற்றி எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பி நிலம் மட்டும் கூட்டுப் பட்டாவில் இருந்தது. வைரக்கண்ணு கையெழுத்துப் போடாமல் அது நகராது. அவர் போடமாட்டேன் என்றார். உப்புத் தண்ணீர் நின்ற மண்ணில் என் பேரன் காலத்துக்கும் நெல் விளையாது என்பது அவர் கட்சி.

அடி ஆரம்பித்தது. மதகில் தண்ணீர் கட்டப் போனால் அடி, உரம் வாங்கிக்கொண்டு வந்தால் பாதையை மறித்து அடி. ஒருமுறை விலா எலும்பு விரிசல் விட்டது. ஒருமுறை இரண்டு பல் போனது. அதையும் ரத்தத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த ஃபிரேமை முறுக்கி உடைத்தே விட்டேன்.

ஆனால் இப்போது ஒரு மாற்றம் இருந்தது. அண்ணன் தனியாக வருவதில்லை. இரண்டாவது ஆள் ஒருவன் பின்னாலிருந்து வந்து கண்ணாடியைக் கழற்றுகிறான். அண்ணன் கத்துகிறான், திட்டுகிறான், குரலை வைத்து இவன்தான் என்று தெரிகிறது. அந்த இரண்டாவது ஆள் மட்டும் வாயே திறப்பதில்லை. கைகளைப் பின்னால் மடக்கிப் பிடிக்கிறான், இடுப்பில் உதைக்கிறான், சத்தமில்லாமல் போய்விடுகிறான். அடி வாங்கி எழுந்து தடவினால் கண்ணாடி வரப்பில் கீறல் படாமல் இருக்கும். ஆள் நைந்துபோய் வருவார்; அவர் கண்ணாடிக்கு நான் துடைப்பதைத் தவிர வேறு வேலையே இருக்காது.

போலீசுக்குப் போனார். யார் அடித்தது என்று கேட்டார்கள். அண்ணன் குரல் என்றார். குரலைப் பிடித்து லாக்கப்பில் போட முடியுமா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்த இன்னொருவன் யார் என்பது அவருக்கு நோயாகவே ஆகிவிட்டது. பண்ணைக் காவல்காரனா, பக்கத்து வயல்காரனா, கூலிக்கு வந்த வெளியூர்க்காரனா? டீக்கடையில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் கையைப் பார்ப்பார்.

இதற்கு நடுவில் இருந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தது. இலவச முகாமில் ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை எடுத்துவிட்டு, கட்டுப் பிரிக்கிற நாளில் எல்லாருக்கும் கொடுத்த மாதிரி பிளஸ் பத்து கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். தூங்கும்போது தவிரக் கழற்றக்கூடாது என்று சொன்னதால் அவரும் கழற்றவில்லை. போட்டால் முன்னைவிட மோசம். கடுகாக இருந்த கண் இப்போது அந்த லென்ஸுக்குள் மாட்டுக் கண்ணாகப் பெருத்துத் தெரிந்தது, ஆனால் அதற்கு எதுவும் தெரியவில்லை. வைரக்கண்ணுக்குப் பார்வை போய்விட்டது என்று ஊரே முடிவு கட்டியது. இனிமேல் கையெழுத்துக்கூட வேண்டாம், பிடித்து வைத்தால் கைநாட்டு என்று துரைராசு கடைத்தெருவிலேயே சொன்னான்.

மனைவி மங்களாம்பிகை துண்டின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து என் கடை வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். அவரை உட்காரவைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார். நான் சோதனை ஃபிரேமை மாட்டி, முகாம்காரர்கள் கொடுத்த பத்தைப் போட்டேன். மங்கல். ஏழு போட்டேன், கொஞ்சம் பரவாயில்லை என்றார். ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் லென்ஸே இல்லாத வெறும் ஃபிரேமோடு விட்டேன். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், எதிர்க்கடையில தொங்குதே வாழைத்தாரு, அதுல ஒரு பழம் அழுகியிருக்கு."

எழுந்து வாசலுக்குப் போனார். பள்ளிவாசல் மினாராவில் புறா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படித்தார். உள்ளே வந்து, இந்தக் கண்ணாடி என்ன விலை என்றார். கண்ணாடியே இல்லை அண்ணே என்றேன். நம்பாமல் விரலை விட்டுப் பார்த்து, கண்ணிலேயே குத்திக்கொண்டார்.

அவருக்கு விளங்கும்படி சொன்னேன். பிறவியிலேயே அவர் கண்ணில் பவர் மிதமிஞ்சிக் கிடந்தது. அதைக் குறைக்கத்தான் வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே இருந்த லென்ஸை எடுத்ததும் அந்த மிச்சம் போய்விட்டது. மற்றவர்களுக்கு லென்ஸை எடுத்தால் வெளியே பத்து வைத்து ஈடுகட்ட வேண்டும். இவருக்கு எடுத்ததே கணக்கை நேர் செய்துவிட்டது. ரேஷன் வேட்டி மாதிரி எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுத்ததில் வந்த வினை.

ஆனால் பையில் இருந்த நெல் இலையை எடுத்து மூக்கில் வைத்தபோது அவர் முகம் விழுந்துவிட்டது. எதுவும் தெரியவில்லை. கிட்டத்தில் பார்க்கிற அந்தப் பெரிய வரம் லென்ஸோடு போய்விட்டது. படிக்கப் பிளஸ் மூன்று, பூச்சி பார்க்கக் கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடி என்று எடுத்துக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை அதனிடம் கொண்டுபோக வேண்டும் என்று காட்டினேன். செய்து பார்த்தார். முட்டை தெரிந்தது. இருந்தாலும் அழுதார். தூரம் கிடைத்த சந்தோஷத்தைவிடக் கிட்டம் போன துக்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு கண் மட்டும் உள்ளவர் வெறும் முகத்தோடு வயலில் இறங்கக்கூடாது. இலை நுனி குத்தினால் போச்சு. அதனால் மேல்பாதியில் பவரே இல்லாமல், கீழே மட்டும் படிக்கிற பவர் வைத்து, உடையாத பிளாஸ்டிக் லென்ஸில் ஒரு கண்ணாடி செய்துகொடுத்தேன். வரப்பில் நடக்கும்போது தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகக் காலடியைப் பாருங்கள், கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் பள்ளம் தெரியாமல் விழுவீர்கள் என்று எச்சரித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கழற்றினாலும் தெரியும் என்ற விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது. மங்களாம்பிகைக்குக்கூட.

"அடுத்த தடவை அவன் கண்ணாடியக் கழட்டட்டும் பாய். அந்த இன்னொருத்தன் யாருன்னு நான் பாக்கணும்."

"பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

"வெட்டுவேன்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை. கடையை விட்டு இறங்கியதும் இரும்புக்கடையில் புது அரிவாள் வாங்கினார். நான் போய்த் தடுத்தேன். சண்டை போட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். தோளை ஒடுக்கி நடந்த மனிதர், அன்றைக்கு நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார். மீன்கடையில் மங்களாம்பிகை கண்ணில் படும் முன்னாலேயே மறுபடி தடவ ஆரம்பித்து, துண்டைப் பிடித்துக்கொண்டாராம். கண்ணாடி இருந்தால் ஏதோ நிழலாடுகிறது, கழற்றினால் கும்மிருட்டு என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

சம்பா நாற்றங்காலில் பண்ணையின் உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். விடிந்ததும் விஷயம் தெரிந்து, மதகை அடைக்க அவர் ஓடினார். அங்கே காத்திருந்தார்கள். நாற்று நடப் போன பெண்கள் வந்து பார்த்தபோது வாய்க்கால் தண்ணீர் சிவந்திருந்தது. துரைராசு கையில் இரண்டு விரலைக் காணவில்லை. விரலை மண்ணில் தேடிக்கொண்டிருந்தானாம். வைரக்கண்ணு சேற்றில் குப்புறக் கிடந்தார். தாடை எலும்பு நொறுங்கி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அரிவாள் அவர் காலடியில். வேறு யாரும் அங்கே இல்லை. பம்புசெட்டில் கை மாட்டிக்கொண்டது என்று துரைராசு ஆஸ்பத்திரியில் எழுதவைத்தான். தம்பி வெட்டினான் என்று சொன்னால் ஏன் வெட்டினான் என்று கேட்பார்களே.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான் போன நாளில் கட்டிலருகே ஏட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்ததால் வைரக்கண்ணு அண்ணன் பல்லிடுக்கில்தான் பேசினார். கண்ணாடியைக் கழட்டிட்டாங்க, அதனால ஒண்ணுமே தெரியலை என்றார். ஏட்டு அதை எழுதிக்கொண்டு போனார்.  இதற்காகவா நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், உங்களுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்கு அய்யா தெரியும் என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அரவிந்தன் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு வந்தான். அப்பாவுக்குக் கரண்டியால் ஊட்டினான். கண்ணாடியில் கஞ்சி தெறித்ததும் கழற்றித் துடைத்து, மடித்து, மல்லாக்க அலமாரி மேல் வைத்தான். அப்புறம் ஃபிளாஸ்க்கைக் கழுவ வெளியே போனான். அவன் போகும் வரைக்கும் அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் கம்ப ஓங்குனது தெரிஞ்சுது பாய். ஆயுசுலயே மொதத் தடவையா அடி வர்றது எனக்குத் தெரியுது. வெட்டினேன். திரும்பிப் பாத்தா இன்னொருத்தன் குனிஞ்சு கண்ணாடிய வரப்புல வச்சிக்கிட்டிருந்தான். அருவாள ஓங்கிட்டேன். நிமுந்தான்."

மூச்சு வாங்கினார். யார் என்று நான் கேட்கவில்லை. அலமாரி மேல் அந்தக் கண்ணாடி மல்லாக்க இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் பாய் இருக்கும். மடிச்சு, மல்லாக்க. தடவி எடுக்குறப்பல்லாம் என் கை அதைப் பாத்துச்சு. எனக்குத்தான் ஒறைக்கல."

அரிவாள் கை நழுவி விழுந்திருக்கிறது. துரைராசு அப்போது வெட்டுப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் கிடந்தான். தாடையை உடைத்த அந்தக் கடைசி அடி அண்ணன் அடித்ததில்லை. மகன் கம்பைப் பொறுக்கியது, இரண்டு கையாலும் பிடித்தது, பல்லைக் கடித்தது, ஓங்கியது எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். விலகியிருக்கலாம். விலகத் தோன்றவில்லை என்றார்.

நிலத்தை விற்றால் சிங்கப்பூருக்கு அனுப்புவதாகப் பெரியப்பன் ஆசை காட்டியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஊரில் அவன் வயசுப் பையன்கள் எல்லாம் போய்விட்டார்கள். இவன் மட்டும் உப்பு ஏறிய வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பன் அரிவாளை வீசியது சத்தத்தை வைத்துத்தான், கண்ணாடி இல்லாமல் எதையும் பார்க்கவில்லை என்றே அவன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அங்கேயே போய் அவன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. வைரக்கண்ணு அண்ணன் என் மணிக்கட்டை விடவில்லை. மங்களத்துக்குத் தெரிஞ்சா செத்துருவா என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு இல்லை, கையெழுத்தே. அந்தப் பையன் பக்கத்தில் இருக்கிற வீட்டில் எனக்குத் தூக்கம் வராது, போகட்டும் என்றார். நிலம் இறால் குட்டையானது. அரவிந்தனுக்கு விசா வந்தது.

அவன் கிளம்புகிற வாரத்தில் வைரக்கண்ணு அண்ணன் தனியாக என் கடைக்கு வந்தார். தாடை கோணி ஒட்டியிருந்தது. பையிலிருந்து முகாமில் கொடுத்த அந்தப் பிளஸ் பத்து கண்ணாடியை எடுத்து வைத்தார். காது வளைவு ஒன்று உடைந்திருந்தது, சரிசெய்து தரச் சொன்னார்.

"இதப் போட்டா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணே."

"அதுக்குத்தான். திருச்சி ஏர்போர்ட்டுல கால்ல விழுந்து கும்புடுவான். நான் துன்னூறு பூசி விடணும். அப்ப அவன் மொகம் எனக்குத் தெரியக்கூடாது."

எத்தனையோ பேருக்குப் பவர் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். படிக்க, தைக்க, லாரி ஓட்ட, குர்ஆன் ஓத, வலை பின்ன என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. பார்க்காமல் இருப்பதற்கென்று கண்ணாடி கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. காது வளைவை மாற்றி, திருகை முடுக்கி, அவர் போட்டிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இதை மாட்டிவிட்டேன். லென்ஸுக்குப் பின்னால் அந்த ஒற்றைக் கண் பெருத்துப் பெருத்து, கண்ணாடி முழுக்க நிறைந்தது. இமையோரத்தில் திரண்டிருந்த ஈரம் எனக்குப் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது.

"அண்ணே, அவன் மொகம் உங்களுக்குத் தெரியாது. ஆனா இந்தக் கண்ணாடியில உங்க கண்ணு அவனுக்குப் பெருசா தெரியும். அழுதா மறைக்க முடியாது."

அவர் மேசையைத் தடவி, நான் செய்துகொடுத்த அந்த நல்ல கண்ணாடியை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தெரியட்டும் பாய்" என்றார்.